டிஸ்க் புளொக் அளவும் தரவுத்தள வாசிப்பு வேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சில கடைகளுக்கும் ஒன்றிரண்டு பாடசாலைகளுக்கும் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய நூலகத்துக்கும் தரவுத்தளங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், கடைக்காரர்கள் என்று கன பேர் புளொக் அளவைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதிலைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று பட்டது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

ஒருவர் 512 பைட் என்கிறார், இன்னொருவர் 4 கேபி, வேறொருவர் 16 கேபி. புளொக் என்றால் எது?

மூன்றும் சரிதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு பொருட்கள். இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

அடியில் இருப்பது டிஸ்க்கின் செக்டர், டிஸ்க் ஒரு தடவையில் வாசித்து எழுதும் மிகச் சிறிய துண்டு. பழைய ஹாட் டிஸ்க்குகளில் அது 512 பைட். 2011 அளவில் தயாரிப்பாளர்கள் 4,096 பைட் செக்டருக்கு மாறினார்கள். பழைய மென்பொருள்கள் தடுமாறாமல் இருக்க, பல டிஸ்க்குகள் உள்ளே 4,096 வைத்துக்கொண்டு வெளியே 512 என்றுதான் இன்றும் சொல்கின்றன.

அதற்கு மேலே கோப்பு முறைமையின் புளொக். லினக்ஸின் எக்ஸ்ட்4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டிலும் வழமையான அளவு 4 கேபி. ஒரு கோப்புக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் அலகு இது.

எல்லாவற்றுக்கும் மேலே தரவுத்தளத்தின் பக்கம், அதாவது தரவுத்தளம் பதிவுகளை அடுக்கி வைத்து வாசிக்கும் அலகு. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் 16 கேபி, போஸ்ட்கிரெஸ்ஸில் 8 கேபி, எஸ்கியூஎல் சேர்வரில் 8 கேபி, ஒரக்கிளில் பொதுவாக 8 கேபி. எஸ்கியூலைட்டில் முன்பு 1 கேபி, 2016 இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து 4 கேபி.

வாசிப்பு வேகத்தை அதிகம் தீர்மானிப்பது இந்த மூன்றாவது. ஆனால் டிஸ்க்கை ஃபோர்மட் செய்யும்போது கண்ணில் படுவது இரண்டாவது என்பதால் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தேவை ஒரே ஒரு பதிவு. ஏன் முழுப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும்?

தோட்டக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். துலாவை இறக்கி ஏற்ற ஒரு நேரம் எடுக்கும். ஒரு செம்பு தண்ணீர் போதும் என்றாலும், இரண்டு வாளி வேண்டும் என்றாலும், துலா ஒரு முறை இறங்கி ஏறத்தான் வேண்டும். அப்படி இறக்குகிறபோது செம்பைக் கட்டி யாரும் இறக்குவதில்லை.

டிஸ்க்கும் அப்படித்தான். ஒரு இடத்தைத் தேடிப் போவதற்கு ஒரு செலவு. போன இடத்தில் அள்ளுவதற்கு இன்னொரு செலவு. தேடும் செலவு பெரியது என்பதால் பக்கம் பக்கமாக அள்ளுகிறோம். அடுத்து கேட்கப்படும் பதிவும் அதே பக்கத்தில் இருந்தால், அது ஏற்கெனவே நினைவகத்துக்கு வந்திருக்கும். இரண்டாவது துலா தேவையில்லை.

ஆகவே புளொக் அளவு பற்றிய எந்தக் கேள்வியையும் இரண்டாகப் பிரித்துக் கேட்கலாம்: ஒரு தடவைக்கு எவ்வளவு அள்ளுகிறோம்? அள்ளியதில் எவ்வளவு குடிக்கிறோம்?

அப்படியென்றால் வாளியைப் பெரிதாக்கினால் வாசிப்பு வேகமாகும்தானே?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹாட் டிஸ்க்கை எடுங்கள். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெக்கன். வேண்டிய இடம் தலைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர 8 அல்லது 9 மில்லிசெக்கன். கூட்டினால் 12, 13 மில்லிசெக்கன். செக்கனுக்கு ஏறத்தாழ 80 தடவைதான் இப்படித் தேடிப் போக முடியும். போன பிறகு அள்ளுவதோ மிக வேகம். செக்கனுக்கு 150 எம்பி என்று வைத்தால் 4 கேபிக்கு 0.03 மில்லிசெக்கன், 64 கேபிக்கு 0.4 மில்லிசெக்கன். 4 கேபியிலிருந்து 64 கேபிக்குப் போனாலும் மொத்த நேரம் மூன்று வீதம்தான் கூடுகிறது. ஹாட் டிஸ்க்கில் பெரிய வாளி கிட்டத்தட்ட இலவசம். பழைய புத்தகங்கள் பெரிய புளொக்கைச் சிபாரிசு செய்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டே இல்லாத டிஸ்க். சாட்டா எஸ்எஸ்டி ஒன்றில் தேடும் நேரம் 100 மைக்ரோசெக்கன், அள்ளும் வேகம் செக்கனுக்கு 500 எம்பி என்று வையுங்கள். 4 கேபிக்கு 8 மைக்ரோசெக்கன் சேர்ந்து 108. 64 கேபிக்கு 131 சேர்ந்து 231. இரண்டு மடங்குக்கும் மேல்! தேடும் செலவு விழுந்துவிட்டதால் அள்ளும் செலவு வெளியே தெரிகிறது. செக்கனுக்கு 3 ஜிபி அள்ளும் என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையில் 64 கேபிக்கு 21 மைக்ரோசெக்கன்தான். அங்கே வித்தியாசம் சுருங்கும், ஆனால் ஒரே நேரத்தில் பல பேர் கேட்டால் மீண்டும் தலை காட்டும்.

இது டிஸ்க்கின் கணக்கு மட்டும். என் அனுபவத்தில் அடி விழுவது நினைவகத்தில்தான். 40 ஜிபி அட்டவணை ஒன்றில், அடிக்கடி கேட்கப்படும் ஒரு லட்சம் பதிவுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன என்று வைப்போம். ஒவ்வொன்றும் 200 பைட். பக்கம் 16 கேபி என்றால் அவ்வளவையும் நினைவகத்தில் வைக்க சுமார் 1.6 ஜிபி போதும். பக்கம் 64 கேபி என்றால் கிட்டத்தட்ட 6 ஜிபி வேண்டும். பஃபருக்கு, அதாவது வாசித்த பக்கங்களைத் தரவுத்தளம் வைத்திருக்கும் நினைவகத்துக்கு, நீங்கள் ஒதுக்கியது 4 ஜிபி என்றால், முதலாவதில் எல்லாம் நினைவகத்திலிருந்தே வரும். இரண்டாவதில் ஓயாமல் டிஸ்க்குக்குப் போக வேண்டி வரும். டிஸ்க்கே தொடாத வாசிப்புக்கு ஈடாக எந்தப் புளொக் அளவும் இல்லை.

நீங்கள் உண்மையாகவே மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். ஒரு கட்டடப் பொருள் கடை. வாடிக்கையாளரின் ஃபோன் நம்பரைத் தட்டினால் பாக்கி எவ்வளவு என்று வர பத்து செக்கன் வரை எடுத்தது. கவுண்டரில் சனம் நிற்கும், முதலாளி என்னைப் பார்ப்பார். மைஎஸ்கியூஎல், 8 ஜிபி றாம், பழைய ஹாட் டிஸ்க். பெரிய பக்கம் ஹாட் டிஸ்க்குக்கு நல்லது என்று படித்திருந்தேன். ஓர் இரவு முழுக்க இருந்து, தரவை வெளியே எடுத்து, 64 கேபி பக்கத்தோடு புதிதாக நிறுவி, திரும்ப ஏற்றினேன்.

காலையில் ஃபோன் நம்பர்த் தேடல் கொஞ்சம் வேகமாகியிருந்தது. ஆனால் பில் போடும்போது பொருளின் விலை எடுக்கும் வேலை மந்தமாகிவிட்டது. முன்பு அது எப்போதும் உடனே வந்தது. மத்தியானம் கடை ஓய்ந்த பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு காரணங்கள் அகப்பட்டன.

முதலாவது, பஃபர் பூல் (மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பஃபரின் பெயர்) நிறுவியபோது இருந்த 128 எம்பியிலேயே கிடந்தது. 16 கேபி பக்கத்தில் அதற்குள் 8,192 பக்கங்கள் இருக்கலாம். 64 கேபியில் 2,048 தான். விலைப் பட்டியலின் பக்கங்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. இரண்டாவது, ஃபோன் நம்பர் நிரலுக்கு இன்டெக்ஸே, அதாவது பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் அகரவரிசை போன்ற ஒன்றே, இல்லை. ஒவ்வொரு தேடலும் முழு அட்டவணையையும் வாசித்தது.

இன்டெக்ஸ் போட்டு, பஃபர் பூலை 4 ஜிபி ஆக்கி, பக்கத்தைத் திரும்பவும் 16 கேபிக்குக் கொண்டுவந்தேன். பாக்கி உடனே வந்தது. அந்த இரவு வேலை தேவையே இருந்திருக்கவில்லை. அன்றிலிருந்து யார் புளொக் அளவு கேட்டாலும் முதலில் இந்த இரண்டையும் பார்த்தீர்களா என்று கேட்பேன்.

விண்டோஸில் டிஸ்க்கை 64 கேபியில் ஃபோர்மட் செய்யச் சொல்கிறார்கள். அப்போது ஒவ்வொரு வாசிப்பும் 64 கேபி ஆகிவிடாதா?

ஆகாது. என்டிஎஃப்எஸ்ஸில் 64 கேபி என்பது இடம் ஒதுக்கும் அலகு மட்டும். எஸ்கியூஎல் சேர்வர் 8 கேபி கேட்டால் 8 கேபிதான் டிஸ்க்கிலிருந்து வரும். 64 கேபியைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம், எஸ்கியூஎல் சேர்வர் எட்டுப் பக்கங்களை ஒரு கட்டாக, அதாவது 64 கேபியாக ஒதுக்குகிறது. கோப்பும் அதே அலகில் இருந்தால் துண்டு துண்டாகச் சிதறாது, கோப்பு முறைமையின் கணக்கு வழக்கும் குறையும். நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் மந்தமான ஒரு வினவலை அது காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம்.

லினக்ஸில்?

எக்ஸ்ட்4 ஐ 4 கேபியிலேயே விட்டுவிடுங்கள். இன்னோடிபியின் 16 கேபி பக்கம் ஒன்று நான்கு புளொக்குகளில் இருக்கும். அவை அநேகமாக அடுத்தடுத்தே கிடக்கும். ஒரே கோரிக்கையாகப் போய் வரும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையும் அவ்வாறே. இயங்குதளத்தின் நினைவகப் பக்கத்தைவிடப் பெரிய புளொக்கை எக்ஸ்எஃப்எஸ்ஸில் வைக்கும் வசதி 2024 இல் வந்த லினக்ஸ் 6.12 இல் சேர்ந்தது. ஆர்வமுள்ளவர்கள் சோதிக்கலாம், கடைச் சேர்வரில் தேவைப்படாது.

செட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வேறு கதை. அதில் ரெக்கோர்ட் எனப்படும் புளொக்கின் அளவு வழமையாக 128 கேபி. ஒவ்வொரு ரெக்கோர்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை இருக்கும். அதைச் சரிபார்க்க ரெக்கோர்ட் முழுவதையும் வாசித்தே ஆக வேண்டும். போஸ்ட்கிரெஸ் 8 கேபி கேட்டால் டிஸ்க்கிலிருந்து வருவது 128 கேபி, பதினாறு மடங்கு. இங்கே புளொக் அளவு நிச்சயமாக உயிர் நாடி. தரவுத்தளம் இருக்கும் தொகுதிக்கு மட்டும் ரெக்கோர்ட் அளவை, போஸ்ட்கிரெஸ் என்றால் 8 அல்லது 16 கேபி, இன்னோடிபி என்றால் 16 கேபி என்று தரவை ஏற்றுவதற்கு முன்பே வையுங்கள். பிறகு மாற்றினால் புதிதாக எழுதப்படும் கோப்புகளுக்குத்தான் அது பொருந்தும்.

பக்கம் பெரிதானால் பீ-ட்ரீயின் உயரம் குறையும் என்று படித்தேன். அது நல்லதுதானே?

படித்தது உண்மை. பீ-ட்ரீ என்பது இன்டெக்ஸ் மட்டம் மட்டமாகக் கிளைக்கும் மர அமைப்பு; தேடும்போது மேல் மட்டத்திலிருந்து அடியில் உள்ள இலைப் பக்கம் வரை இறங்க வேண்டும். ஆனால் எண்களைப் போட்டுப் பார்த்தால் நன்மை எவ்வளவு சிறியது என்று விளங்கும்.

இன்னோடிபியில் 8 பைட் சாவி என்றால், 16 கேபி உள் பக்கம் ஒன்றில், கீழ்ப் பக்கங்களைக் காட்டும் சுட்டிகள் சுமார் 900 அடங்கும். இலைப் பக்கத்தில் 200 பைட் பதிவுகள் 75. மூன்று மட்டங்களில் 900 × 900 × 75, அதாவது ஆறு கோடிப் பதிவுகள். யாழ்ப்பாணத்தில் நான் பார்க்கும் எந்தக் கடைக்கும் இது தாராளம்.

ஒரு கோடிப் பதிவுள்ள அட்டவணை என்று எடுங்கள். 16 கேபியில் மூன்று மட்டம். 64 கேபியில்? இரண்டு மட்டத்தில் 3,600 × 300, பத்து லட்சத்துச் சொச்சம்தான் கொள்ளும். ஆகவே அங்கேயும் மூன்று மட்டம். ஒரு மட்டமும் குறையவில்லை! 4 கேபிக்கு இறங்கினால் நான்கு ஆகும்.

அதைவிட முக்கியமானது, மேல் மட்டங்கள் எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும். அந்த ஒரு கோடிப் பதிவுக்கு 16 கேபியில் உள் பக்கங்கள் ஏறத்தாழ 150; இரண்டரை எம்பிகூட வராது. டிஸ்க்குக்குப் போவது கடைசி இலைக்கு மட்டும். உயரம் குறைந்தாலும் டிஸ்க் வாசிப்பு அதே ஒன்றுதான்.

மாத முடிவு அறிக்கைக்கு முழு அட்டவணையையும் வாசிக்கிறோம். அதற்காவது பெரிய பக்கம் வேண்டாமா?

தொடர் வாசிப்புக்குப் பெரிய வாளி நல்லது என்பது சரி. ஆனால் அந்த வேலையைத் தரவுத்தளமும் இயங்குதளமும் தாமாகவே செய்கின்றன. அடுத்தடுத்த பக்கங்கள் கேட்கப்படுவதைக் கண்டால் முன்கூட்டியே அள்ளி வைக்கும். லினக்ஸில் இந்த முன்வாசிப்பு வழமையாக 128 கேபி. இன்னோடிபி 64 பக்கங்களைக் கொண்ட 1 எம்பி கட்டுகளில் முன்வாசிக்கிறது. எஸ்கியூஎல் சேர்வர் ஒரு தடவைக்கு 512 கேபி வரை முன்வாசிக்கும். போஸ்ட்கிரெஸ் 17 ஆம் பதிப்பிலிருந்து அடுத்தடுத்த 8 கேபி பக்கங்களை ஒன்றாக்கி 128 கேபி கோரிக்கையாக அனுப்புகிறது. 2025 இல் வந்த 18 ஆம் பதிப்பு காத்திருக்காமல் பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பவும் பழகிவிட்டது.

பக்கம் சின்னதாக இருந்தாலும் டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கை பெரிதாக இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். அறிக்கை மந்தம் என்றால் ஹாட் டிஸ்க்கில் முன்வாசிப்பை 1 எம்பி வரை உயர்த்திப் பாருங்கள். பக்க அளவைத் தொடாமலே பலன் தெரியும். பிடிக்கவில்லை என்றால் ஒரு கட்டளையில் பழையபடி ஆக்கிவிடலாம்.

அறிக்கைகளே முழு வேலை என்றால் நிரல் நிரலாகச் சேமிக்கும் தரவுத்தளம் ஒன்றைப் பாருங்கள். அப்படியான டக்டிபியின் புளொக் 256 கேபி. அந்த வேலைக்கு அந்த அளவு பொருந்தும்.

தமிழில் தரவு வைத்தால் ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. இதை ஆங்கிலப் புத்தகங்கள் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் என்ற சொல்லைப் பாருங்கள். யா, ழ், ப், பா, ண, ம். கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோட்டில் கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் பதினொன்று. யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ஆக 33 பைட். ஆங்கிலத்தில் ஜாஃப்னா என்று எழுதினாலும் ஆறு எழுத்துத்தான். அதற்கு 6 பைட். எஸ்கியூஎல் சேர்வரில் யூனிகோட் எழுத்துகளை வைக்கும் என்வார்கார் நிரலில் தமிழுக்கு 22 பைட் ஆகும்.

எங்கள் சனசமூக நிலைய நூலகப் பட்டியலில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பொருட்பிரிவு எல்லாம் தமிழில். ஆங்கிலப் பட்டியலில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பதிவுகளில் பாதியோ மூன்றில் ஒன்றோதான் இங்கே அடங்கும். அதே எண்ணிக்கை நூல்களுக்கு அதிகப் பக்கங்கள், அதிக நினைவகம். வெளிநாட்டு வழிகாட்டிகளில் வரும் "ஒரு பக்கத்துக்கு இத்தனை பதிவு" என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள ஏலாது. உங்கள் தரவை அளந்து பாருங்கள்.

இன்னொரு பொறி இன்டெக்ஸில் இருக்கிறது. இன்னோடிபியில் ஒரு இன்டெக்ஸ் சாவியின் உச்ச நீளம் பக்க அளவைப் பொறுத்தது: 16 கேபியில் 3,072 பைட், 8 கேபியில் 1,536, 4 கேபியில் 768. எழுத்துக்கு 4 பைட் வரை எடுக்கும் யூடிஎஃப்8எம்பி4 இல் 255 எழுத்து நிரல் ஒன்று 1,020 பைட் வரை போகலாம் என்று மைஎஸ்கியூஎல் கணக்கிடும். எஸ்எஸ்டிக்கு நல்லது என்று 4 கேபி பக்கம் வைத்தால், நூற்பெயர் நிரலுக்கு முழு இன்டெக்ஸ் போட முடியாமல் நிற்பீர்கள். சாவியாக எண்ணை வைத்து, தமிழ்ச் சொற்களை மற்ற அட்டவணைகளில் திரும்பத் திரும்ப எழுதாமல் இருந்தால் எந்தப் பக்க அளவிலும் வாசிப்பு இலகுவாகும்.

நீண்ட கட்டுரைகள், குறிப்புகளை வைத்தால் போஸ்ட்கிரெஸ் 2 கேபியைத் தாண்டும் பதிவில் நீண்ட மதிப்புகளைச் சுருக்கி, தேவையானால் தனி அட்டவணைக்கு அனுப்பிவிடும். தமிழில் 2 கேபி என்பது எழுநூறு குறியீடுகூட இல்லை. ஒரு பந்தி எழுதினாலே எல்லை வந்துவிடும். ஆகவே பட்டியலைக் காட்டும் வினவலில் எல்லா நிரலையும் அள்ளாமல், தேவையான நிரல்களை மட்டும் கேளுங்கள்.

திடீரென்று கரண்ட் போனால் பக்க அளவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. டிஸ்க் முழுமையாக எழுதுவதாக உறுதி தருவது தன் செக்டரை மட்டும். 16 கேபி பக்கம் ஒன்று எழுதப்படும்போது கரண்ட் போனால் முதல் 4 கேபி புதியதாகவும் மிச்சம் பழையதாகவும் நிற்கலாம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நாங்கள் கடந்து வந்தவர்கள். இது வெறும் பாடப்புத்தக விடயம் அல்ல.

இதற்காக இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் ஒரு தனி இடத்தில் எழுதி, பிறகு உரிய இடத்தில் எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு செக்பொயின்டுக்குப் பிறகும் (மாறிய பக்கங்களை எல்லாம் டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம் அது) ஒரு பக்கம் முதன்முதல் மாறும்போது அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் எழுதுகிறது. வேகத்துக்காக இவற்றை அணைக்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்க வேண்டாம், செட்எஃப்எஸ் போலப் பாதி எழுத்தைத் தானே தடுக்கும் கோப்பு முறைமை இல்லாவிட்டால். பக்கம் பெரிதானால் இந்த இரட்டை எழுத்தும் பெரிதாகும். எழுதுவதில் டிஸ்க் மூழ்கினால் வாசிப்பவரும் வரிசையில் நிற்பார். யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். புளொக் அளவைவிட அது முக்கியம்.

பழைய மெஷின் ஒன்று வாங்கினேன். ஏதும் பார்க்க வேண்டுமா?

பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதி, எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது 63 ஆவது செக்டரில் தொடங்கியது. 63 × 512 = 32,256; 4,096 ஆல் மீதமின்றிப் பிரிபடாது. அதனால் ஒவ்வொரு புளொக்கும் இரண்டு உண்மையான செக்டர்களின் மேல் கால் வைத்து நிற்கும். எழுதும்போது படு மோசம், எஸ்எஸ்டியில் வாசிப்பிலும் தெரியும். விஸ்டாவிலிருந்து பார்ட்டிஷன் 1 எம்பியில், அதாவது 2,048 ஆவது செக்டரில் தொடங்குகிறது. பழைய டிஸ்க்கைப் பிரதியெடுத்து புது எஸ்எஸ்டியில் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எங்கள் தரவுத்தளம் கிளவுட்டில் இருக்கிறது. எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அமேசனின் ஜிபி3 டிஸ்க் அடிப்படையில் செக்கனுக்கு 3,000 கோரிக்கையும் 125 எம்பியும் தருகிறது. 16 கேபி வாசிப்புகளாக 3,000 என்றால் 48 எம்பிதான். கோரிக்கை எண்ணிக்கை முதலில் முடியும். 64 கேபி என்றால் 125 எம்பி முதலில் முடியும். இரண்டும் சந்திக்கும் இடம் 42 கேபி அளவில்.

ஆனால் ஒன்று. மென்பொருள் உங்கள் அலுவலகக் கணினியிலும் தரவுத்தளம் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருந்தால், ஒவ்வொரு வினவலும் கடல் தாண்டிப் போய் வர வேண்டும். மென்பொருள் ஒரு திரைக்கு அனுப்பும் ஐம்பது வினவலை ஐந்து வினவலாக்குங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டியே வராது.

என் சேர்வரில் எது பிரச்சினை என்று எப்படி அளப்பது?

முதலில் தரவுத்தளத்திடமே கேளுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் வினவலின் முன்னால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் பஃபர்ஸ் என்று போட்டு ஓடவிட்டால், எத்தனை பக்கம் பஃபரில் கிடைத்தது, எத்தனை வெளியிலிருந்து வந்தது என்று தனித்தனியாகக் காட்டும். ஒரு பதிவுக்காக ஆயிரக்கணக்கான பக்கங்கள் என்று வந்தால், அது இன்டெக்ஸ் பிரச்சினை. புளொக் பிரச்சினை அல்ல. மைஎஸ்கியூஎல்லில் பஃபர் பூலிடம் கேட்ட வாசிப்புகளையும், அவற்றில் டிஸ்க்குக்குப் போனவற்றையும் காட்டும் இரண்டு எண்ணிகள் இருக்கின்றன. வேலை நேரத்தில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு டிஸ்க்கின் வேலையைக் காட்டும் லினக்ஸ் கட்டளையான ஐஓஸ்டாட். வாசிப்புக் கோரிக்கையின் சராசரி அளவும் காத்திருந்த நேரமும் அதில் வரும். சராசரி 16 கேபியை ஒட்டி இருந்தால் தனித்தனிப் பக்கங்களைத் தேடி ஓடுகிறது என்று கொள்ளலாம். நூறுக்கு மேல் என்றால் தொடர் வாசிப்பு.

டிஸ்க்கை மட்டும் சோதிக்க ஃபியோ என்ற கருவி நல்லது. 4, 16, 64 கேபி என்று மாறி மாறி சிதறல் வாசிப்பு ஓடவிடுங்கள். சோதனைக் கோப்பு றாமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இயங்குதளத்தின் தற்காலிக நினைவகத்தைத் தாண்டும் தெரிவையும் போட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது றாமை. ஹாட் டிஸ்க்கில் செக்கனுக்கு ஐயாயிரம் சிதறல் வாசிப்பு வந்தது என்று ஒரு தம்பி சந்தோசமாகக் கொண்டுவந்து காட்டினார்; அவருடைய சோதனைக் கோப்பு 1 ஜிபி, மெஷினில் 16 ஜிபி றாம்.

ஏற்கெனவே ஓடும் தரவுத்தளத்தில் பக்க அளவை மாற்றலாமா?

எஸ்கியூலைட்டில் இலகு: பக்க அளவுக்கான பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையைக் கொடுத்து, கோப்பைத் திரும்ப எழுதும் வேக்கியூம் கட்டளையை ஓடவிட்டால் போதும், வால் (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் முறையில், இருந்தால் முதலில் அதிலிருந்து வெளியே வாருங்கள். எஸ்கியூஎல் சேர்வரில் 8 கேபி மாறாது. ஒரக்கிளில் முதன்மை அளவு உருவாக்கும்போதே தீர்மானிக்கப்படும்; 9ஐ பதிப்பிலிருந்து வேறு அளவுள்ள டேபிள்ஸ்பேஸ், அதாவது அட்டவணைகளை வைக்கும் பகுதி, சேர்க்கலாம். இன்னோடிபியில் 4 முதல் 64 கேபி வரை தெரிவு உண்டு, ஆனால் நிறுவும்போது மட்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் மூலநிரலிலிருந்து கட்டும்போதே கொடுக்க வேண்டும், உச்சம் 32 கேபி. பிறகு ஒவ்வொரு பதிப்பு மேம்படுத்தலையும் நீங்களே கட்டிக்கொண்டிருக்க வேண்டி வரும், அதனால் நான் செய்வதில்லை.

இன்னோடிபியில் மாற்றுவதென்றால் தரவைக் கட்டளைகளாக வெளியே எடுத்து, புதிய நிறுவலில் ஏற்றுங்கள். கோப்புகளைப் பிரதியெடுத்து வைத்தால் ஓடாது. பழைய பக்க அளவில் எடுத்த கோப்புப் பேக்கப்புகளும் புதியதில் ஏறாது, ஆகவே மாற்றிய அன்றே புதிய பேக்கப் ஒன்று எடுத்துவிடுங்கள். பழைய நிறுவலை அழிக்காமல் வையுங்கள். ஒரு மாத முடிவு அறிக்கையும், ஒரு சனிக்கிழமை நெரிசலும் புதியதில் ஓடி முடியும் வரைக்கும்.